தட்டுக்கான சொல்

செத்துப்போன சிவஞானம் நாயை இப்படித்தான் பழக்கியிருந்தார்: தட்டை வைத்துவிட்டு ஒரு சொல் சொல்ல வேண்டும், அதைக் கேட்காமல் அது வாய் வைக்காது. அந்தச் சொல் அவர் மனைவி மரகதத்துக்குத் தெரியாது. விதி தட்டுக்கு மட்டும்தான் என்பதால், பசியில் தெருக்குப்பையைத் தின்று நாய்க்கு வயிற்றுப்போக்கு. உடம்பில் நீர் வற்றினால், இழுத்துவிட்ட கழுத்துத்தோல் உடனே படியாது. மரகதம் இழுத்துப் பார்த்தாள். மடிப்பு அப்படியே நின்றது. கஞ்சித்தண்ணீரை ஆற்றி, அதன் தட்டில் ஊற்றி வைத்தாள்.

"சாப்பிடு. குடி. ம்."

நாய் அவள் வாயையே பார்த்தபடி படுத்திருந்தது.

"அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா, அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"எங்கிட்ட என்னத்தப் பேசினாரு, இதச் சொல்ல."

சலித்துப்போய், புருஷன் இருந்தவரை தினமும் அவர் பக்கம் தட்டைத் தள்ளும்போது சொன்னதையே சொன்னாள்.

"கொட்டிக்கங்க."

நாய் தலையைக் குனிந்து குடிக்கத் தொடங்கியது.