வேனுக்கு ஒரு ஜோடி டெர்மினல்

“வண்டி எரியறதுன்னா எங்கேருந்துண்ணே ஆரம்பிக்கும்?” என்று அந்தப் பெண் கேட்டாள். குரல் கம்மிப்போயிருந்தது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். வண்டிகளுக்கு வயரிங் சாமான் விற்கும் கடை அது. வருகிறவர்கள் எல்லாம் “இருக்கிறதுலயே சல்லிசா ஒண்ணு குடுங்க” என்பார்கள். அவர் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கம்பி நீட்டிவிடுவார்கள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் தெருவில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். இன்றைக்குத்தான் கேட்க ஓர் ஆள் தானாக வந்து மாட்டியிருந்தது.

“உக்காரும்மா. தொண்டை சரியில்லையா? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளி.”

“சரிண்ணே” என்று அவள் கழுத்தைச் சுற்றியிருந்த ஷாலை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் குளிர்பானம் ஏற்றிப்போகிற வேன் வைத்திருக்கிறான். உள்ளே ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, வயரையும் தடிமனாக மாற்றிவிட்டான். வயரைப் பேட்டரியோடு கவ்விப் பிடிக்கிற டெர்மினல் மட்டும் அரதப் பழசு. புதுசு வாங்கிவரச் சொல்லி இவளை விரட்டியிருக்கிறான்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு ஜோடிகளை எடுத்துவைத்தார். ஒன்று தகடுபோல மெலிசு, புது எவர்சில்வர் மாதிரி மின்னியது. மற்றது கனத்த பித்தளை. மேலே ரப்பர் மூடி.

“பார்க்க இதுதான் லட்சணமா இருக்கும்” என்று மின்னியதைத் தட்டினார். “ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல. சின்ன வண்டிக்கு, பழைய வயரிங்குக்குத் தாங்கும். உங்க தடி வயர் இதோட வாய்க்குள்ள நுழையவே நுழையாது. அப்போ நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? வயரோட இழையில பாதியை நறுக்கித் தள்ளிட்டு, மிச்சத்தைத் திணிச்சு முறுக்கிடுவாங்க.”

“அவரும் அப்படித்தாண்ணே பண்ணுவாரு. கையில எது கிடைக்குதோ அதை மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பாரு.”

“மாட்டினா அந்த இடம் கொதிக்கும். வண்டி ஆட ஆட இன்னும் லூசாகும். ஒருநாள் வயர்மேல இருக்கிற பிளாஸ்டிக் உருகிப் பத்திக்கும்.”

“ஃபியூஸ் இருக்கே. அது காப்பாத்தாதா?”

கடைக்காரருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. “அப்படிக் கேளு! கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ஞ்சாத்தான் ஃபியூஸ் போகும். இங்க கரண்ட் ஒழுங்காத்தான் போகும், சூடு மட்டும் ஏறும். ஃபியூஸ் அதுபாட்டுக்குத் தூங்கிக்கிட்டிருக்கும். ஆமா, உங்க வேன்ல பேட்டரி எங்க இருக்கு?”

“டிரைவர் சீட்டுக்கு அடியில.”

அவர் முகம் செத்துப்போனது. அவருடைய தம்பியும் வேன் ஓட்டினவன்தான். அதுவும் சீட்டுக்கு அடியில் பேட்டரி உள்ள வண்டிதான். எங்கேயோ போகிற வழியில் ஒரு மெலிசு ஜோடியை வாங்கி மாட்டியிருந்தான். அண்ணன் கடையிலேயே வாங்கியிருக்கலாம். அவர் பேச்சுக்குப் பயந்துகொண்டு வரவில்லை. அந்த வருத்தம் அவரை இன்றைக்கும் அரித்துக்கொண்டிருந்தது.

“கதவைத் திறந்து குதிச்சிட முடியாதாண்ணே?”

“அதுக்குள்ள புகை ஆளை அமுக்கிடும்மா. என் தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு.”

அவள் கண் கலங்கியிருந்தது. “ரொம்ப வேதனைப்பட்டிருப்பாராண்ணே?”

“தெரியல. சீக்கிரமே மயக்கம் வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதை நம்பிக்கிட்டு நான் ஏதோ தூங்கறேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “உன் பசங்க அந்த வேன்ல ஏறுவாங்களா?”

“மாட்டாங்க. காலையிலதான் எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். நானும் அங்கதான் போறேன். இனிமே அந்த வண்டியில அவரு மட்டும்தான்.”

பிள்ளைகளை விட்டுவிட்டு, தொண்டை கட்டிய நிலையிலும் புருஷனுக்காக வேகாத வெயிலில் வந்து இத்தனை கேள்வி கேட்கிறாள். அந்த டிரைவர் கொடுத்துவைத்தவன் என்று கடைக்காரர் நினைத்தார். தம்பிக்கு இப்படி ஒருத்தி வாய்த்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

பித்தளை ஜோடியைத் தாளில் சுற்றி அவள் பக்கம் நகர்த்தினார். “விலையைப் பத்திக் கவலைப்படாதே. வாங்கின விலைக்கே தரேன். உசிரு சமாச்சாரம்.”

“காசு இருக்குண்ணே” என்று பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பித்தளைக்குத் தாராளமாகப் போதும்.

பொட்டலத்தை மட்டும் அவள் தொடவில்லை. அந்த மெலிசான ஜோடியை ஒரு விரலால் அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். முன்னால் சாய்ந்ததில் ஷால் நழுவி, கழுத்தில் கன்றிப்போன விரல் தடங்கள் தெரிந்தன.

“அவருக்கு இது போதும்ணே.”