பழைய கயிறு போதும்

ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதைக் கையில் வாங்காமல் திரும்புவதில்லை என்று ஈரோட்டிலிருந்து ரயிலேறி வந்த ஜம்பு, மராத்தி ஊரான ஔந்தில் தங்கை வீட்டு ஜன்னலோரம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கீழே அந்த இழுவை வண்டி வந்து நின்றது.

“மாப்ள, யாரோ உங்க காரச் சுத்திச் சுத்திப் பாக்கறானே?”

தங்கை கணவன் கோகுல்நாத் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு மச்சான். ஃபைனான்ஸ்காரன் வந்துட்டான். மூணு தவணை நிக்குது.”

தவணை நின்றது நிஜம். தலையில் வைத்த கைதான் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த ஒத்திகை.

அலுவலக நண்பன் டேனியல் கொடுத்த நம்பரில், ரஃபீக் என்கிற இழுவை வண்டிக்காரரிடம் அவன் ஏற்கெனவே பேசி முடித்திருந்தான். “ஜப்தி பண்ற மாதிரி காரைத் தூக்கிட்டுப் போங்க பாய். ரெண்டு தெரு சுத்திட்டு, மச்சான் கிளம்பினதும் கொண்டாந்து விட்டுடுங்க. பழைய கயிறு போதும், சும்மா கண்ணுக்குத்தான்.”

அந்தக் காருக்கு முன்பணம் கட்டத்தான் ஜம்புவிடம் கடனே வாங்கியது. காரே போகிறது என்றால் எந்த மனசும் கொஞ்சம் இளகாதா?

கோகுலின் மனைவி கிரிஜாவும் சேர, மூன்று பேரும் இறங்கி ஓடினார்கள். கடோத்கஜன் மாதிரி நின்ற ஆள் கையை நீட்டினான். “சாவி, சாப்.”

ஜம்புவுக்குத் தெரியாமல் கோகுல் ஒரு கண்ணைச் சிமிட்டினான். அந்த ஆள் சுவரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தான். என்னமாய் நடிக்கிறான் என்று மெச்சிக்கொண்டே கோகுல் சாவியைக் கொடுத்தான்.

வேலையிலும் குறை வைக்கவில்லை. இழுவை வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கர டாலி. அதன் சரிவுப் பலகையை இறக்கி, காரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி, முன்சக்கரம் இரண்டையும் இழுத்து மேலே ஏற்றினான். டயருக்கு மேல் புத்தம்புது மஞ்சள் பட்டையைப் போட்டு, கைப்பிடியைக் கடக் கடக்கென்று ஆட்டி, இனி ஒரு நூல்கூட இறங்காது என்கிறவரை இறுக்கினான். அதற்கு மேல் குறுக்கே இரண்டு சங்கிலி. காரை உலுக்கிப் பார்த்தான். மனசு ஒப்பாமல் மறுபடியும் இறுக்கினான்.

ரெண்டு தெரு சுத்தவா இத்தனை ஜோடனை? கோகுலுக்குச் சிரிப்பு முட்டியது. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஏப்பா, மெதுவாப்பா! கொழந்த மாதிரி வெச்சிருந்த வண்டி!” என்று ஜம்பு அந்த ஆளிடம் தமிழிலேயே கெஞ்சினார்.

அவன் காரின் உள்ளே கை காட்டினான். “சாமான்?”

சொந்தப் பொருள் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான்! இது கோகுலுக்கே தோன்றாத யோசனை. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான்.

“இவர் ஒருத்தர்தான் மச்சான் எனக்கு மிச்சம்.”

நாடகம் என்றே தெரியாத கிரிஜா ஓவென்று அழுதுவிட்டாள். அதோடு ஜம்பு உடைந்துபோனார்.

“என்னங்க மாப்ள, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கோணுமல்ல? இந்த நெலமையில உங்ககிட்டக் காசு கேட்டா நான் மனுசனா?” பிள்ளையாரின் தலைமேல் கை வைத்தார். “இவரு மேல சத்தியமாச் சொல்றேன். அந்தக் கடன் தீர்ந்துபோச்சுங்க. இனி எந்தக் காலத்துலயும் கேக்க மாட்டேன். புள்ளைய அழ விடாதீங்க.”

முன்பக்கம் டாலிமேல் தூக்கியபடி, பின்சக்கரம் தார்ச்சாலையில் உருள, கார் கேட்டைத் தாண்டிப் போயிற்று. ஊரில் ஓடும் தன் தறிக்கு ஏதோ உதிரிபாகம் வாங்க வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜம்புவும் போசரி தொழிற்பேட்டைக்கு ஆட்டோ ஏறினார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கோகுல் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அழாத கிரிஜா. எல்லாம் என் ஏற்பாடு. கார் இந்நேரம் அடுத்த தெருவுல நிக்கும்.”

கிரிஜா அழுகையை அப்படியே நிறுத்தினாள். “எங்கண்ணனையா ஏமாத்தினீங்க?”

“நான் எங்க ஏமாத்தினேன்? அவராத்தான் விட்டுட்டாரு. அந்த ஆளைப் பாத்தியா நீ? ஒரு இடத்துலயாவது சிரிச்சானா? பேசின காசுக்கு மேல ஐந்நூறு சேர்த்தே குடுக்கப் போறேன்.”

“நல்லாருக்கு உங்க பொழப்பு! கார் வரட்டும், அதே கார்ல போய் எங்கண்ணன் கால்ல விழறீங்க.”

காலிங் பெல் அடித்தது.

“இதோ, வந்துடுச்சு பார் உன் கார்!” பர்ஸைத் திறந்தபடியே கோகுல் கதவையும் திறந்தான்.

வாசலில் ஒல்லியாக, தாடி வைத்த ஒருவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். தோளில் ஒரு சுருள் பழைய கயிறு.

“நான்தான் ரஃபீக், சார். டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்... கீழ காரையே காணோமே?”