எட்டடித் தொட்டி

“மூடு பாய், மொதல்ல அந்த வால்வை மூடு.”

ஜவஹர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் ஓடிவந்தார்.

தொட்டி வைக்க வந்த பெரியவர் மூடவில்லை. ஹோஸின் வாயைத் தொட்டிக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார். கண்ணாடியில் தண்ணீர் சீராக ஏறிக்கொண்டிருந்தது.

அவர் சட்டை முதுகில் ‘மெஹபூப் பாஷா அக்வேரியம்’ என்று இருந்தது. ஆகவே இந்த வீட்டில் அவர் பாய்.

“ஏங்க கத்தறீங்க?” என்று சமையலறையிலிருந்து வந்தாள் சீதா, ஜவஹரின் மனைவி. “தி.நகர் நகைக்கடைக்காரர் வீட்ல ஆறடி, நம்ம வீட்ல அதைவிடப் பெருசா போடுன்னு சொன்னது நீங்கதானே?”

“பெருசுன்னா இவ்ளோவா? இன்னா பாய் இது, மீன் தொட்டியா, நீச்சல் குளமா? மீன் ஒரு சாண்கூட இல்ல.”

டீப்பாய் மேல் ஆக்சிஜன் பையில் அது மிதந்தது. ரெட் டெயில் கேட்ஃபிஷ். கறுத்த முதுகு, சிவந்த வால், கூட விட்ட எதையும் விழுங்கிவிடுகிற வாய்.

“இன்னிக்கு ஒரு சாண் சார். ரெண்டு வருஷத்துல மூணடி. இப்போ இருக்கிற சைஸுக்குத் தொட்டி வாங்கினா, பின்னால திரும்ப எடம் இல்லாம முதுகு வளைஞ்சு சாகும். வளர்ந்தா எவ்வளவு இருக்கும்னு பார்த்துத்தான் வாங்கணும். எட்டடி நீளம், மூணடி அகலம், ரெண்டரை ஒசரம். நியாயமா இதுவே கம்மி.”

சொன்னதில் ஓர் அங்குலம்கூடப் பொய் இல்லை. பெரியவருக்கு அதில்தான் திருப்தி.

மூன்று வருஷம் காத்திருந்தார். இந்த விலாசத்திலிருந்து ஆர்டர் வந்த அன்று, நானே போகிறேன் என்று கடை முதலாளி பாஷாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். புரமோட்டர் ஜவஹர், அபிராமபுரம், தானே கட்டிய அடுக்குமாடி, மூன்றாவது மாடி.

இந்த ஆளின் வாயிலிருந்து அவருக்கு வேண்டியது ஒரே ஓர் எண்.

“எவ்ளோ தண்ணி புடிக்கும்?” ஜவஹரின் குரல் இறங்கியிருந்தது.

“ஆயிரத்து எழுநூறு லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தா ரெண்டு டன்னுக்கு மேல. ஒரு இன்னோவாவை ஆளோட கொண்டாந்து ஹால்ல நிறுத்தின மாதிரி.”

ஜவஹர் தரையைப் பார்த்தார். தான் போட்ட தரையை.

“வேணாம் சீதா. சின்னதா ஒண்ணு மாத்திக்கலாம்.”

“ஏன், தாங்காதா? யானையே கட்டலாம்னு சொல்லித்தானே கீழ் வீடெல்லாம் வித்தீங்க?”

தண்ணீர் ஏழு அங்குலம்.

“பீமுக்கு எத்தனை எம்.எம். கம்பி போட்டிருக்கீங்க சார்?” என்றார் பெரியவர், தண்ணீரைப் பார்த்தபடியே. “பெரிய தொட்டி வைக்கிறவன் கேட்டுத்தான் ஆகணும்.”



ஸ்டாண்டின் ஒரு காலுக்கடியில் டைல்ஸ் ‘டக்’கென்றது.

புதுத் தொட்டி உட்காரும்போது வழக்கமாக வருகிற சத்தம்தான். பெரியவருக்கு அது தெரியும். ஜவஹருக்குத் தெரியாது.

“மூடுய்யா. இதுலயும் எட்டுதான் போட்டிருக்கேன், போதுமா? மூடித் தொலை.”

பெரியவர் மூடினார். ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஏற்ற அவருக்கு உத்தேசமே இருந்ததில்லை. அதுவரை தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். கீழ் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

எட்டு. அவருக்கு வேண்டிய எண் அது அல்ல. அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“இதுலயும்னா?” என்றாள் சீதா.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகத் தமிழ் இலக்கணம் எடுக்கிறவள். எச்ச உம்மை என்று வருஷாவருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள். அந்த ‘உம்’ வந்தால், சொல்லாமல் விட்ட இன்னொன்று எங்கேயோ இருக்கிறது என்று பொருள்.

“வேற எதுலங்க எட்டு போட்டீங்க?”

ஜவஹர் சோஃபாவில் உட்கார்ந்தார்.

“நங்கநல்லூர்லயா?”

நங்கநல்லூரில் ஜவஹர் கட்டிய வீட்டின் பால்கனி இடிந்து, துணி காயப்போட நின்ற ஹம்சினி என்கிற பெண் செத்துப்போனாள். டிராயிங்கிலேயே எட்டு எம்.எம். என்றுதான் இருந்தது என்று ஜவஹரின் வக்கீல் விசாரணையில் ஒரு தாளைக் காட்டினார். தாளில் கையெழுத்துப் போட்டிருந்த இன்ஜினியரைச் சீதாவே வாய்விட்டுச் சபித்திருக்கிறாள்.

“எட்டு போடறது உங்க கணக்குன்னா, அந்த இன்ஜினியர் நிஜமா எவ்வளவு போட்டுக் குடுத்தார்?”

ஜவஹர் மீனைப் பார்த்தார்.

“பன்னண்டு.”

பெரியவரின் கையில் ஹோஸ் நின்றது.

“லைசென்ஸ் போச்சே அந்த மனுஷனுக்கு. கொலைகாரன்னு ஊரே சொல்லிச்சே. நானும்தானே சொன்னேன்,” என்றாள் சீதா.

“ஆளையே எனக்குத் தெரியாது சீதா. புரோக்கர்தான் டிராயிங் வாங்கிட்டு வருவான், விசாரணைக்கும் வக்கீல்தான் போனாரு. அவன் மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல. பேருகூட... ராஜகோபாலனோ என்னவோ.”

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக ஜவஹருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

“என்னவோ இல்ல சார்,” என்றார். “ராஜகோபாலன்தான். நல்லாப் பார்த்துக்கோங்க.”