வகுப்புக்கு வெளியே

“அந்த டீச்சரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்!”

சத்தமா அது! ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் குழந்தையின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஃபைலை மூடிவிட்டு ஓடி வந்தாள்.

“மெதுவாம்மா. உள்ள பாப்பாவுக்கு ஸ்கேன் ஓடிக்கிட்டிருக்கு.”

பாப்பாவுக்கு ஒன்பது வயது. வலிப்பு. இரண்டு மாத்திரை மாற்றியும் நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததும் வீண், ‘ஒன்றுமில்லை’ என்று கையை விரித்துவிட்டது. இன்றைக்கு ஊசி மருந்து போட்டு எடுக்கும் பெட் (PET) ஸ்கேனிலாவது வலிப்பு கிளம்பும் இடம் தெரிந்தால்தான் ஆபரேஷன். தெரியாவிட்டால் காலம் பூராவும் இதே பாடுதான்.

“அப்படி என்னம்மா பண்ணாங்க அந்த டீச்சர்?” நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணலை? பாடம் நடத்தறப்ப இவ திடீர்னு எங்கேயோ வெறிச்சுப் பார்ப்பா. சப்புக்கொட்டுவா, சட்டைப் பட்டனைத் திருகுவா. அரை நிமிஷம்தான். அவ கண்ணுக்கு அது திமிராத் தெரிஞ்சிருக்கு! ‘பழிப்பா காட்டறே? வெளியே போய் ஆடாம அசையாம நில்லு’ன்னு வாசல்ல நிக்க வெச்சா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, போன வருஷம் பூரா!”

“எல்லாப் பிள்ளைங்களையுமா?”

“மத்த பிள்ளைங்களுக்கு ஒரு அதட்டல், அவ்வளவுதான். இவளுக்கு மட்டும் வாசல். நின்னு நின்னு ஒரு நாள் அங்கேயே விழுந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்தப்பதான் அந்த மகராசிக்குப் புத்தி வந்தது.”

“பாப்பா வீட்டுல வந்து சொல்லலையா?”

“யார்கிட்ட சொல்லுவா?” என்று சீறினாள் அம்மா.

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார். “விடும்மா. தெரியாமப் பண்ணதுதானே?”

“தெரியாமயா? பதினஞ்சு வருஷ சர்வீஸ்! ஒரு பிள்ளையோட முகம் மாறினா தெரிய வேணாம்? நீங்க எப்பவும் அவளுக்கே வக்காலத்து வாங்குங்க!”

அவர் மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

நர்ஸுக்கே பற்றிக்கொண்டு வந்தது. “ஸ்கூல்ல புகார் கொடுத்திருக்கலாமே?”

“கொடுத்தா? ‘கண்டிப்பானவங்க, நல்ல டீச்சர்’னு ஹெட்மாஸ்டரே சர்டிஃபிகேட் கொடுப்பாரு.”

“நல்லா இருக்கே நியாயம்! அந்தம்மா பெத்த பிள்ளையா இருந்தா இப்படி நிக்க வைப்பாங்களா?”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு. “முழு ரிப்போர்ட் நாளைக்கு வரும். ஆனா இடம் சிக்கிடுச்சு! ஊசியில போட்டோமே, அது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. மூளை பூரா அதை நல்லா இழுத்துக்கிட்டிருக்கு. இடது காதுக்கு மேல ஒரு இடம் மட்டும் சரியா இழுக்காம இருட்டா நிக்குது. வலிப்பு அங்கேருந்துதான் கிளம்புதுன்னு நினைக்கிறேன். ஆபரேஷன் டாக்டர்கிட்ட தைரியமாப் போகலாம்.”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இருட்டு அவ தலைக்குள்ள இருந்திருக்கு டாக்டர். அதைப் போய்த் திமிர்னு சொன்னாளே பாவி!”

சற்று நேரத்தில் மகளைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். ஸ்கேனில் அசையாமலிருக்கக் கொடுத்த மருந்தின் மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை மெல்லக் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் மிரண்டது.

“டீச்சர்... அசையவே இல்ல டீச்சர். இப்ப உள்ள வரட்டுமா?”

“ஐயோ பாவம், மயக்கத்துல அம்மாவைப் போய் டீச்சர்ங்குதே!” என்றாள் நர்ஸ்.

“மயக்கம் இல்லம்மா,” என்றார் அப்பா, மனைவியின் தோளைப் பிடித்தபடி. “போன வருஷம் பாப்பா இவளோட கிளாஸ்லதான் படிச்சா. பெத்த பொண்ணுக்குச் சலுகை காட்டறான்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு, ஸ்கூல்ல ‘அம்மா’ன்னு கூப்பிடவே இவ விட்டதில்லை.”