உப்புப் பூ

"நீ கார் ஓட்டக் கத்துக்கப் போறியா, இல்ல அந்தப் பொண்ணு வண்டியைத் துடைச்சுக் குடுக்கப் போறியா?"

கட்டிலில் சாய்ந்தபடி கணவர் கேட்டார். பக்கவாதத்தில் வலது கையும் காலும்தான் விழுந்தன. நாக்கு விழவில்லை.

"வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க. பேட்டரி முனையில உப்புப் பூத்துடுச்சு. சுத்தம் பண்றதுக்குள்ள என் நேரம் முடிஞ்சுடுச்சு."

"நேத்தும் இதையேதான் சொன்னே. தினமும் பூக்க அது என்ன ரோஜாச் செடியா?"

அவள் தையல் மெஷினைத் திறந்து உட்கார்ந்தாள்.

அவர் சாய்ந்து விழுந்த அன்று கார் வாசலில்தான் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. ஓட்டத் தெரிந்தவர் தரையில் கிடந்தார். அவள் தெருமுனைக்கு ஓடி, கையைக் காலைப் பிடித்து ஒரு வண்டியைக் கூட்டி வந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்றார் டாக்டர்.

இன்னொரு தடவை அப்படி ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நடுங்கிய நடுக்கத்தில் ஹாரன் தானாக அடித்தது. ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிற கை அது.

கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் சாவியை உருவினாள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்க்கா" என்றாள்.

மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டிக் டிக் என்றது, அதோடு சரி.

"அக்கா, பானெட்டைத் திறக்கப் போறேன். ஒரு கை பிடிங்க."

பேட்டரி முனையைக் கவ்வியிருந்த கிளாம்பின் மேல் வெள்ளையும் நீலமுமாகப் பொடி அப்பியிருந்தது.

"தொட்டா ஷாக் அடிக்குமா மாஸ்டர்?"

"அடிக்காது. ஆனா அந்தப் பொடி கையை அரிச்சுடும். இந்தாங்க கிளவுஸ். முதல்ல மைனஸைக் கழட்டுங்க. மாட்டும்போது மைனஸ் கடைசி."

"அது ஏன்?"

"வீட்டுச் சண்டை மாதிரிதான்க்கா. எதிர்த்துப் பேசற ஆள் முதல்ல வெளியே போகணும், கடைசியா உள்ளே வரணும். இல்லேன்னா பொறி பறக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் ஸ்பானர் நடுங்கியது. நட்டு நழுவி இன்ஜின் இடுக்கில் விழுந்தது. காந்தத்தை விட்டு இருவரும் துழாவி எடுத்தார்கள்.

வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து மெல்ல ஊற்றியதும் அந்தப் பொடி நுரைத்துப் பொங்கியது. பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து ஈயம் பளபளத்தது. துடைத்து, மாட்டி, மறுபடி பூக்காமல் இருக்க வாஸ்லின் தடவினார்கள். மாஸ்டர் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது.

அவள் வாயைப் பிளந்து நின்றாள்.

"இத்தனூண்டு பொடியா இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தி வெச்சது?"

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லக்கா. கரண்ட் போற வழி அடைச்சுக்கிச்சு. அவ்வளவுதான்."

மறுநாளும் பூத்திருந்தது. அதற்கு மறுநாளும்.

"நேத்துத்தானே வாஸ்லின் தடவினோம்?"

"பழைய பேட்டரிக்கா. ஆவி விட்டுக்கிட்டே இருக்கும். ஸ்பானரை எடுங்க."

வீட்டில் கணவர் விடவில்லை. "நல்ல மாஸ்டர். ஃபீஸ் வாங்கிக்கிட்டு வேலைக்காரியும் வெச்சிருக்கா."

ஒரு நாள் மாஸ்டர் போனில் பேசிக்கொண்டே தள்ளி நின்றாள். அவளே கழற்றி, கழுவி, மாட்டி முடித்தாள்.

"ஸ்டார்ட் ஆகுதான்னு நீங்களே பாருங்கக்கா!"

உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். உறுமியது.

"அப்படியே கொஞ்சம் முன்னாடி எடுங்க. பாதையை மறைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க."

எடுத்தாள். மாஸ்டர் ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தெரு முடிந்தது, அடுத்த தெருவும் முடிந்தது. திரும்பி வந்து இன்ஜினை அணைத்த பிறகுதான் அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை நடுங்காமல் ஸ்டியரிங் மேல் கிடந்தன.

லைசென்ஸ் வந்தது. மாதக்கணக்கில் நின்றிருந்த சொந்தக் காரிலும் உப்புப் பூத்திருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கணவர் பார்த்துக்கொண்டிருக்க, மைனஸை முதலில் கழற்றி, நுரைக்க நுரைக்கக் கழுவினாள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி மாட்டினாள். வண்டி உறுமியதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிசியோதெரபி டாக்டரிடம் போய்த் திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு புது பேட்டரி வாங்கிக் குடுத்துடுவோம். பாவம், இனிமே அந்த வண்டிக்கு யாரு மாரடிப்பா?"

டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரிலேயே பேட்டரிக் கடை. அவர் காரில் இருக்க, அவள் இறங்கிப் போய்க் கேட்டாள்.

"அந்த ஸ்கூல் வண்டிக்கா?" கடைக்காரர் சிரித்தார். "அதுல இருக்கறதே புதுசும்மா. நான்தான் போட்டுக் குடுத்தேன். கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் எப்படித் தினமும் உப்புப் பூத்தது?"

அவர் மூலையில் குவிந்து கிடந்த கழித்துப்போட்ட கிளாம்புகளைக் காட்டினார்.

"காலையில கடை திறந்ததும் அந்த மாஸ்டர் பொண்ணு வந்துடும். இதையெல்லாம் கிளறிப் பார்த்துட்டு, 'அண்ணே, நல்லாப் பூத்ததா ஒண்ணு குடுங்க, எங்க அக்காவுக்கு'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போய் அந்த வண்டியில மாட்டும்."