ரெட்டுக்கு ஃபாலோ

"நான் செத்தாலும் என் வூட்டாண்ட மெலடி போடாதீங்கோ" என்று மைக்கில் சொல்லிவிட்டுச் சிரித்தார் வால்டர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த தேவப்பிரியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மனுசன் வாயில் சாவு வந்துவிட்டால், பின்னாலேயே பாட்டும் வந்துவிடும்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம், மாடியில் இரண்டே அறை. அதுதான் ஸ்டேஷன். பேட்டைக்காரர்களே பேசி, பேட்டைக்காரர்களே கேட்கிற ரேடியோ. அதற்குப் பொறுப்பு தேவப்பிரியம். நாசரேத்திலிருந்து வந்து பதினாறு வருசம் ஆகியும் ஊர்ப் பேச்சு இன்னும் நாக்கை விட்டு இறங்கவில்லை.

வால்டர் ஆறு நாள் ஹார்பரில் கப்பல் மேல் ஏறி கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிறவர். ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து ஊரெல்லாம் கறி கொதிக்கிற பதினோரு மணிக்கு, ராயபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து பாட்டுப் போடுவார்.

போன மாசம் ஒரு மரண கானா போட்டுவிட்டார். செத்தவர் பேரு, தொழிலு, நல்ல குணம் எல்லாம் சேர்த்துக் கட்டுகிற பாட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டில் ரேடியோ ஓடியிருக்கிறது. மாப்பிள்ளை கையில் தாலி.

பெண்ணைப் பெற்றவர் படியேறி வந்து போட்ட சத்தத்தில் ரேடியோ கமிட்டி கூடியது. இன்னொரு தடவை சாவுப் பாட்டு வந்தால் வால்டர் நிகழ்ச்சி காலி.

இன்றைக்கு 'நம்ம ஆளு' நாள். வருசத்தில் ஒரு தரம், பாட்டுப் போடுகிறவர் தன்னைப் பற்றியே பேசலாம்.

வால்டர் பேசினார். பாண்டு செட்டில் டிரம்பெட் என்றால் உசிரு. வயலின் கேட்டால் தூக்கம். கானாவுக்கு வாத்தியமே வேண்டாம், தீப்பெட்டி போதும்.

"மாடில ஒம்போது புறா கீது. அதுல ஒண்ணு மாதா கோயில் மணி அடிச்சாதான் கூட்டுக்கு வரும். ஞானஸ்நானம் குடுத்துடலாமான்னு யோசிச்சுகினு கீறேன்."

தேவப்பிரியம்கூடச் சிரித்துவிட்டாள்.

"அப்பால கேரம்" என்றார் வால்டர். குரல் ஒரு படி இறங்கியது.

இருபது வருசமாகக் காசிமேட்டுக் கேரம் போர்டில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஆடுகிறவன் கிரேன் ஓட்டுகிற ஜெரி. போன ஈஸ்டர் அன்றைக்கு ஜெரி சிவப்புக் காயை, அதாவது ரெட்டை, குழியில் போட்டான். ரெட்டைப் போட்டால் அடுத்த அடியில் தன் காய் ஒன்றும் விழ வேண்டும். அதுதான் ஃபாலோ. காய் விழுந்தது. உன் முட்டி இடித்து போர்டு ஆடித்தான் விழுந்தது என்றார் வால்டர். இல்லை என்றான் ஜெரி.

"அன்னிலேர்ந்து பேச்சு இல்ல. அவன் எதிர்ல வந்தா நான் சந்துல பூந்துடுவேன்."

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசையில் தட்ட ஆரம்பித்தார்.

*கிரேன் ஓட்டுற ஜெரி, உன் கைக்கணக்கு சரி.*
*ரெட்டும் வுழுந்துச்சி, ஃபாலோவும் வுழுந்துச்சி.*
*ஆடுனது போர்டு இல்ல, என் கண்ணு!*

பேரு, தொழிலு, நல்ல குணம். சந்தேகமே இல்லை, அந்தச் சாவுப் பாட்டுதான். அப்படியானால் ஜெரி போய்விட்டான்.

தேவப்பிரியத்தின் கை ஒலியைக் குறைக்கிற பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் அழுத்தவில்லை. ஒரு காய்க்காகப் பேசாமலே இருந்து, பேசாமலே அனுப்பிவிட்டாரே இந்த மனுசன். பாடட்டும். கமிட்டிக்கு அவள் பதில் சொல்லிக்கொள்வாள்.

ஃபோன் அடித்தது. காசிமேட்டிலிருந்து மீன்காரி சிலுவையம்மாள்.

"நம்ம ஜெரிக்கா பாட்டு? அவனுக்கு இன்னாம்மா ஆச்சு?"

"செத்த இருங்கம்மா, கேட்டுச் சொல்லுதேன்" என்றாள் தேவப்பிரியம்.

"அய்யோ, செத்துட்டானா!" என்று அவள் அலறியதோடு லைன் கட்டானது.

தேவப்பிரியத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் ஊரில் செத்த என்றால் கொஞ்ச நேரம். இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். சரி, போனதென்னவோ நிஜம்தானே, தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்துப் பேசினவர் எந்தக் கல்லறை என்று கேட்டார். அதற்கு அடுத்து பாண்டு செட்டு நோயல். டிரம்பெட் ஒண்ணு போதுமா, ரெண்டு எடுத்தாரட்டுமா என்றான்.

நாலாவதாக ஒரு கட்டைக் குரல்.

"ஜெரி பேசறேன்."

"எந்த ஜெரி?"

"இப்ப செத்துப் போனேனே, அந்த ஜெரி."

தேவப்பிரியம் கண்ணாடி வழியே பார்த்தாள். பாட்டு எப்போதோ முடிந்திருந்தது. வால்டர் வேறு பாட்டு எதுவும் போடவில்லை. தீப்பெட்டியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். கண் அவள் கையிலிருந்த ஃபோன் மேலேயே இருந்தது. மொதல் ஃபோன் அடித்ததிலிருந்தே அங்கேதான் இருந்ததோ என்னவோ.

செத்தான் என்று வால்டர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவுப் பாட்டில் யாரையும் குறை சொல்லக் கூடாது, செத்த ஆள் சொன்னதெல்லாம் சரி என்றுதான் பாட வேண்டும். உசிரோடு இருக்கிறவனிடம் அப்படிச் சொல்ல வால்டருக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஐயா, மன்னிச்சிருங்க, இங்க ஒரு தப்பு..."

"அத்த வுடும்மா." பின்னால் காய்கள் மோதுகிற சத்தம். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திட்டினாள். "சிலுவையம்மா மாலையோட வந்துட்டா. போட்டுகினுதான் குந்திகினு கீறேன். அது கெடக்கட்டும்."

கொஞ்சம் இருமினான்.

"அந்தக் கண்ணு வரிய மட்டும் அவன இன்னொரு தபா பாடச் சொல்லு. போர்டாண்ட அல்லாரும் கீறானுங்க. ஒரு பயலும் சரியா கேக்கலியாம்."