சைரன் அடிக்காத தியேட்டர்

படத்தில் சைரன் அடிக்கவில்லை.

அடித்தே ஆக வேண்டிய இடம். முகமூடிக்காரர்கள் பேங்குக்குள் புகுந்து, வாட்ச்மேனைத் தூணோடு கட்டிவிட்டு, லாக்கரில் கை வைக்கிறார்கள். அலறல் காதைப் பிளக்க வேண்டும். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தியேட்டரில் மட்டும் மொத்தச் சத்தமும் செத்துப்போனது.

அந்த மௌனத்தில் ஒரே ஒரு குரல். பக்கத்து சீட்டிலிருந்து சொன்ன மாதிரி.

"வள்ளிக்கண்ணு... பயப்படாத. வந்துடறேன்."

உடனே சத்தம் திரும்பிவிட்டது. நண்பர்கள் இருவரோடு வந்திருந்த பிரிட்டோ சுற்றிலும் பார்த்தான். மூலை சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இருட்டோடு இருட்டாக வெளியே போனாள்.

இடைவேளையில் பாலுதான் ஆரம்பித்தான். "யார்ரா அது வள்ளிக்கண்ணு? படத்துல அப்படி ஒரு கேரக்டரே இல்லையே."

"டைரக்டர் டச்சுடா. ரெண்டாம் பாகத்துல வருவா" என்றான் கூட வந்த அஜித்.

"வந்து கிழிப்பா. மதுரையில என் மச்சான் பார்த்துட்டான். அங்க சைரன்தான் அலறுதாம். குரலே கிடையாதாம்."

"அப்ப இந்த தியேட்டர்லதான் என்னமோ இருக்கு."

"என்னமோன்னா?"

"பழைய கட்டடம். எவளாவது போய்ச் சேர்ந்திருப்பா. நான் சொல்லலப்பா, நீயே யோசிச்சுக்க."

பிரிட்டோ யோசிக்கவில்லை. அவனுக்கு வேறு எரிச்சல். சென்னையில் முதல் நாளே பார்த்துவிட்டு, "சைரன் சீனுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு" என்று தன் சினிமா பக்கத்தில் எழுதியிருந்தான். அதை நம்பி இங்கே வந்தவர்கள் எல்லாம், "எங்கடா சைரன்?" என்று அவனைத்தான் காய்ச்சினார்கள்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

மேனேஜர் யதிராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றி நிறையத் திருமண். சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"உங்க ஆபரேட்டர் தூங்கறார் சார். படத்தோட உயிரே போகுது. சரி பண்றீங்களா, வீடியோ போடட்டா?"

"போட வேண்டாம். ஏற்கெனவே ஓனர் போன்ல கத்திண்டிருக்கார்." ஆபரேட்டரை வரச் சொன்னார்.

ஸ்தனிஸ்லாஸ் வந்து நின்றான்.

"மெஷின் ரிப்பேரா?"

"இல்ல சார்."

"பின்னே?"

ஸ்தனிஸ்லாஸ் பிரிட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேனேஜர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். யதிராஜன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"கேபின் சாவியை வை. நாளையிலேர்ந்து பைக் ஸ்டாண்டைப் பார்த்துக்கோ. ஓனர் உத்தரவு."

கல் மனசு என்று பட்டாலும், பிரிட்டோவுக்குத் திருப்திதான். "திருச்சி மக்களே, கோளாறு சரியாச்சு" என்று அன்றைக்கே எழுதிவிட்டான்.

மறுநாள் மேட்னிக்கு அவனே சோதித்துப் பார்க்கப் போனான். ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தது ஸ்தனிஸ்லாஸ். அப்போது அந்த மூலை சீட்டுப் பெண் வேர்க்க விறுவிறுக்க உள்ளே போனாள்.

"அந்தம்மா யாரு? தினம் வருமா?"

"வரும்."

"பேய் மாதிரி வந்துட்டுப் போகுது. யாருங்க அது?"

ஸ்தனிஸ்லாஸ் டோக்கனைக் கையில் வைத்தான். "அதுதான் வள்ளிக்கண்ணு."

பிரிட்டோ சட்டென்று திரும்பி, அவள் போன வாசலைப் பார்த்தான்.

"தூணோட கட்டிப்போட்டாங்களே வாட்ச்மேன், அது இவங்க வீட்டுக்காரர் வீரமலை. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லுல மூட்டை தூக்குனவரு. ஷூட்டிங்குக்கு ஆள் எடுத்தப்ப போயிருக்காரு. சைரன்ல எதுவும் கேக்காது, வாயில வந்ததைச் சொல்லுன்னாங்களாம். பொண்டாட்டி பேரைச் சொல்லிட்டாரு. தியேட்டருக்கு வந்து கேளுன்னு வீட்லயும் பெருமையாச் சொல்லியிருக்காரு. படம் வர்றதுக்குள்ள மாரடைப்புல போயிட்டாரு."

"அதுக்கு நீங்க..."

"முதல் நாளே இந்தம்மா கேபினுக்கு மாடி ஏறி வந்து அழுதுச்சு. வாயசையுது, குரல் கேக்கல, கொஞ்சம் கூட்டி வைங்கன்னுச்சு. கூட்டினா சைரனும்தான் கூடும். ஆனா பேச்சு நடு ஸ்பீக்கர்ல மட்டும்தான் வரும். அதை விட்டுட்டு மத்ததை எல்லாம் அணைச்சேன். அந்தாளு பேசினாரு."

"நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லியிருந்தா? போனைத் தூக்கிட்டு அது மூஞ்சி முன்னாடி நின்னிருப்ப."

பிரிட்டோ கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். மேனேஜர் அறைக்கு ஓடினான். பூட்டியிருந்தது. படம் போட்டாகிவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தான். மூலை சீட்டில் அவள் முன்னால் சாய்ந்து காத்திருந்தாள். இன்றைக்குச் சைரன் அடிக்கும். அடிக்க வைத்தது அவன்தான்.

முகமூடிகள் புகுந்தன. வாட்ச்மேனைத் தூணோடு கட்டினார்கள். பிரிட்டோ கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மௌனம்.

"வள்ளிக்கண்ணு... பயப்படாத. வந்துடறேன்."

மூலையிலிருந்து ரொம்ப மெதுவாக ஒரு பதில் வந்தது. "சரிங்க."

பிரிட்டோ கண்ணைத் திறந்தான். ஸ்தனிஸ்லாஸ் ஸ்டாண்டில் இருக்கிறான். அப்படியானால் மேலே இருப்பது யார்?

"டேய் ஆபரேட்டர், சவுண்டு" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

"பேசாம படத்தைப் பாருடா" என்று திரும்பிய பிரிட்டோ, நிமிர்ந்து கேபினைப் பார்த்தான்.

சதுர ஓட்டைக்குப் பின்னால், புரொஜக்டர் வெளிச்சத்தில், முதலில் தெரிந்தது நெற்றி நிறையத் திருமண். ஒரு கை சுவிட்சில் இருக்க, மூலை சீட்டையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார், யதிராஜன்.